ஆறு மாதம் உறங்கப் போகும் வீடு

காலை நிகழ்ச்சியில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, "இன்று நல்ல குளிர், 23 டிகிரிதான், குடையோடு ஒரு சுவெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நேயர்களிடம் சொல்பவள் நான். அந்த வாயைக் கடந்த அக்டோபரில் கனடாவின் கால்கரி நகரில் மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதிகாலையில் மாமா வீட்டு வாசற்படியில் கால் வைத்தேன். புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து, மிதித்தால் நொறுங்கியது. "இது குளிரே இல்ல பாப்பா, ஜனவரில வா, மைனஸ் 30 காட்டுறேன்" என்றார் மாமா.

மாமா என் அம்மாவின் அண்ணன். இளவயதில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் பிட்டராக இருந்தவர். 1980-களின் கடைசியில் கனடா போனார். ஓய்வு பெற்ற பிறகு பழைய டீசல் மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினார். பேருந்து அளவு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, கழிவறை எல்லாம் உண்டு. இயந்திரம் பின்பக்கம். கோடையில் அவரும் அத்தையும் மாதக்கணக்கில் அதில்தான் குடியிருப்பார்கள். குளிர்காலம் வந்துவிட்டால் அது வீட்டுப் பக்கத்தில் ஆறு மாதம் அசையாமல் நிற்கும்.

அப்படி நிற்க வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் 17. எனக்கு எப்படி எண்ணிக்கை தெரியும் என்கிறீர்களா? வண்டியின் அலமாரிக் கதவுக்கு உட்புறம் அத்தை தன் கையால் தமிழில் எழுதி ஒட்டிய பட்டியல் இருக்கிறது. ஆண்டுதோறும் அத்தை ஒவ்வொரு வரியாகப் படிப்பார், மாமா செய்வார், அத்தை பென்சிலால் ஒரு கோடு போடுவார்.

அதற்கு முந்தைய ஆண்டு மட்டும் அது நடக்கவில்லை. அக்டோபர் கடைசியில் அத்தைக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. மாமா மருத்துவமனையே கதி என்று கிடந்தார். குழாய்களில் தண்ணீரோடும், பாதி தீர்ந்த பேட்டரிகளோடும் வண்டி வெளியே நின்றது. வசந்தத்தில் கதவைத் திறந்தபோது நீர்க்குழாய்கள் பல இடங்களில் வெடித்திருந்தன. நீரிறைக்கும் பம்ப் உடைந்திருந்தது. நான்கு பேட்டரிகளின் பெட்டியும் விரிசல் விட்டிருந்தது. சரிசெய்த செலவில் இரண்டு பேர் கோலாலம்பூருக்கு வந்து போயிருக்கலாம்.

"வித்துடுங்க அப்பா" என்றார்கள் பிள்ளைகள். மாமா பதில் சொல்லவில்லை. அத்தைதான், "இன்னொரு குளிர்காலம் பாப்போம்" என்றார். பழுதுபார்த்த வண்டி மீண்டும் ஒரு குளிர்காலத்தைத் தாங்கினால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் விற்றுவிடுவது என்று பேச்சு. அந்த நேரத்தில்தான் நான் இரண்டு வார விடுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

அத்தையின் வலக்கை இன்னும் முழுமையாக வரவில்லை. பேச்சும் மெதுவாகத்தான் வருகிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டிக்குள் நாற்காலியில் உட்கார்ந்தார். பென்சில் என் கைக்கு வந்தது. வேலை தொடங்கியது.

தண்ணீர்தான் முதல் எதிரி

"ஒன்னு... தண்ணி" என்று படித்தார் அத்தை.

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது கிட்டத்தட்ட 9 விழுக்காடு பெரிதாகிறது. மூடிய குழாய்க்குள் அது பெரிதாக இடமில்லை என்றால் குழாய்தான் பிளக்க வேண்டும். அதனால் வண்டிக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர்கூடத் தங்கக் கூடாது.

முதலில் கழிவுநீர்த் தொட்டிகள் இரண்டையும் அதற்கான இடத்தில் காலி செய்து கழுவினார்கள். பிறகு நன்னீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். வெந்நீர்க் கொதிகலனை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அதன் அடி மூடியைக் கழற்றினார் மாமா. சூடாக இருக்கும்போது கழற்றினால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். அதன்பின் குழாய்களின் தாழ்வான முனைகளில் இருக்கும் வடிகால் திருகுகளைத் திறந்தார்.

எவ்வளவு வடித்தாலும் வளைவுகளில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதற்குத்தான் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீர்மம். கொதிகலனுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, இந்த நீர்மத்தைப் பம்ப் வழியாக உறிஞ்ச வைக்க வேண்டும். ஒவ்வொரு குழாயாக, சூடு ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம் என்று திறந்து, இளஞ்சிவப்பு வரும்வரை விட்டு மூட வேண்டும். குளியலறை, கழிவறை, வண்டிக்கு வெளியே இருக்கும் கால் கழுவும் குழாய் எதையும் விடக் கூடாது. கடைசியில் ஒவ்வொரு தொட்டியின் வடிகாலிலும் ஒரு கோப்பை ஊற்ற வேண்டும்.

இதில் ஒரு முக்கிய எச்சரிக்கை. இளஞ்சிவப்பு நீர்மம் புரோப்பிலீன் கிளைக்கால் வகை. குடிநீர்க் குழாய்க்கென்றே விற்பது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் விடக் கூடாது.

முதல் ஐந்து வரிகளுக்கும் கோடு போட்டேன். கை விறைத்துப் போயிருந்தது.

பட்டினி கிடந்தால் பேட்டரி உறையும்

மோட்டார்ஹோமில் இரண்டு வகை பேட்டரிகள் உண்டு. ஒன்று இயந்திரத்தைக் கிளப்புவதற்கு. இன்னொன்று வீட்டு விளக்கு, பம்ப், மின்விசிறி இவற்றுக்கு. மாமாவின் வண்டியில் வீட்டுப் பக்கத்துக்கு 6 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் நான்கு. கோல்ப் திடல் வண்டிகளில் இருப்பது போன்றவை. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 கிலோ. எல்லாம் புதிதாக வாங்கியவை.

பேட்டரி குளிரில் உறையுமா என்று கேட்டேன். மாமா சொன்ன கணக்கு எனக்கு வியப்பாக இருந்தது. முழுதாக மின்னேற்றம் செய்த ஈய அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. அதே பேட்டரி தீர்ந்துபோய்க் கிடந்தால் மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறையத் தொடங்கிவிடும். காரணம், மின்சாரம் தீரத் தீர உள்ளே இருக்கும் அமிலம் ஈயத் தகடுகளோடு சேர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய தண்ணீர்தான். தண்ணீர் உறைந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

"வயித்துக்குப் போட்டு வெளிய நிறுத்து, ஒன்னும் ஆவாது. பட்டினி போட்டு நிறுத்துனா செத்துப் போயிரும்" என்றார் மாமா.

உறையாவிட்டாலும் ஆபத்து உண்டு. தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு படிகமாகக் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றம் செய்தாலும் பழைய திறன் வராது.

அவர் செய்த முறை இது. கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டார். முனைகளில் பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சோடா மாவு கரைத்த நீரால் துலக்கித் துடைத்தார். இரவு முழுக்க மின்னேற்றம் நடந்தது. அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் பெட்டியின் கதவைத் திறந்தே வைத்தார். பக்கத்தில் நெருப்பே கூடாது. ஏற்றி முடித்த பிறகுதான் ஒவ்வோர் அறையிலும் வடிநீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தார். குழாய்த் தண்ணீர் கூடாது. சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தபோது 12.7 வோல்ட் காட்டியது. 12.6-க்குமேல் இருந்தால் நிறைந்த வயிறு என்று பொருள். 12.1 அளவில் இருந்தால் பாதி காலி.

என் கோடு பொய்யான கதை

பதினோராவது வரி, "எல்லா விளக்கும் அணை." நான் வண்டிக்குள் ஒரு சுற்றுப் பார்த்தேன். எல்லாம் இருட்டு. கோடு போட்டேன். பன்னிரண்டாவது வரி, "பேட்டரி சுவிட்ச் அணை." மாமா அணைத்தார். அதற்கும் கோடு.

அத்தை அடுத்த வரிக்குப் போகவில்லை. என்னைப் பார்த்து, "கீழ... பொட்டி... பாத்தியா?" என்றார். வண்டியின் வயிற்றுப் பக்கம் சாமான் வைக்கும் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை நான் திறக்கவே இல்லை. சுவிட்சை அணைத்துவிட்ட பிறகு அது எதற்கு என்று மனதுக்குள் நினைத்ததும் உண்மை.

மாமா மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைப் பொருத்தினார். எல்லாம் அணைந்திருந்தால் சுழி காட்ட வேண்டும். 1.5 ஆம்பியர் காட்டியது. பின்பக்கத்துப் பெட்டி ஒன்றில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்குக்குப் போகும் கம்பியை முன்பு யாரோ சுவிட்சுக்கு முன்னாலேயே இணைத்திருக்கிறார்கள். அதனால் சுவிட்சை அணைத்தும் விளக்கு அணையவில்லை. பெட்டிக் கதவு மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பேட்டரியும் 220 ஆம்பியர் மணி. இரண்டிரண்டாகச் சேர்த்து 12 வோல்ட்டில் மொத்தம் 440. மணிக்கு ஒன்றரை என்று குடித்தால் 12 நாளுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நவம்பர் வருவதற்குள் புதிய பேட்டரிகள் நான்கும் காலி. டிசம்பரில் உறைந்திருக்கும். வசந்தத்தில் வண்டியும் விற்கப்பட்டிருக்கும்.

எனக்கு முகம் வாடிவிட்டது. வானொலியில் ஒரு செய்தியைச் சரிபார்க்காமல் வாசித்துவிட்ட மாதிரி இருந்தது. அத்தை சிரித்தார். "அழிச்சிட்டு... மறுபடி போடு" என்றார்.

கண்ணுக்குத் தெரியாமல் மின்சாரம் குடிப்பவை இன்னும் சில உண்டு. எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி, கடிகாரம், வானொலியின் நினைவகம், படிக்கட்டு மோட்டார் இவையெல்லாம் சொட்டுச் சொட்டாக இழுக்கும். அதனால் அன்றைக்கு மாமா ஒரு முடிவு செய்தார். இனி சுவிட்சை மட்டும் நம்புவதில்லை, நெகட்டிவ் கம்பியையே கழற்றி வைப்பது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

30 கிலோ பேட்டரிகளை 71 வயதில் தூக்கி வீட்டுக்குள் வைக்க முடியாது. வைக்கவும் தேவையில்லை. குளிரில் பேட்டரி தானாக இழக்கும் மின்சாரம் குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, குறைந்திருந்தால் ஏற்றினால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இருந்தது. அதன் கணக்கு வேறு. கிட்டத்தட்ட பாதி ஏற்றத்தில் இணைப்பைத் துண்டித்து வைத்தால் நல்லது. சுழி டிகிரிக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்யவே கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். கூரையில் சூரியத் தகடு இருப்பவர்கள் அதையும் துண்டிக்க வேண்டும். நாம் இல்லாதபோது வெயில் வந்து ஏற்றத் தொடங்கிவிடும் அல்லவா?

தேங்காய் எண்ணெய் போல உறையும் டீசல்

கேமரன் மலையில் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டீசலில் மெழுகுச் சத்து கலந்திருக்கிறது. குளிர் அதிகமானால் மெழுகு பிரிந்து, டீசல் கலங்கி, கஞ்சி போலாகி வடிகட்டியை அடைத்துவிடும். அதனால் கனடாவில் குளிர்காலத்துக்கென்றே வேறு கலவை டீசல் விற்கிறார்கள். நம் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் இன்னும் சீக்கிரம் உறையும். அங்கே ஜனவரியில் அது மட்டும் ஓடாது.

மாமா குளிர்கால டீசலால் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். காலி இடம் இருந்தால் அங்கே ஈரம் வியர்த்துத் தண்ணீராக டீசலில் இறங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான அழுக்கு உண்டாகும். நிரப்பிய பின், டீசல் கெடாமல் காக்கும் மருந்தை அளவாகக் கலந்து, வண்டியை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினார். மருந்து கலந்த டீசல் குழாய், வடிகட்டி எல்லாவற்றிலும் போய்ச் சேர வேண்டும் அல்லவா? திரும்பி வந்ததும் வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்தார்.

சூடு ஆறுவதற்குள் இயந்திர எண்ணெயையும் மாற்றிவிட்டார். பழைய எண்ணெயில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஆறு மாதம் அதில் ஊறினால் உள் பாகங்கள் அரிக்கும். ரேடியேட்டர் நீர்மத்தையும் சோதித்தார். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை தாங்கும். இது காற்றழுத்த பிரேக் உள்ள வண்டி. காற்றுத் தொட்டிகளில் சேர்ந்த ஈரத்தையும் வெளியேற்றினார்.

"நடுவுல மாசம் ஒரு தடவ அஞ்சு நிமிஷம் கிளப்பி விட்டா நல்லதா மாமா?" என்று கேட்டேன்.

"அதுதான் எல்லாரும் பண்ற தப்பு" என்றார். ஐந்து நிமிடத்தில் இயந்திரம் சூடேறாது. எரியாத டீசலும் ஈரமும் எண்ணெயில் கலக்கும். கிளப்பச் செலவான மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பாது. கிளப்பினால் நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தூங்க விட வேண்டும்.

கடைசி வரிகள் எளிமையானவை. உணவுப் பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. எலி நுழையும் துளைகளில் இரும்புப் பஞ்சு அடைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பூஞ்சை பிடிக்காதபடி திறந்து வைக்க வேண்டும். எரிவாயு உருளையை மூட வேண்டும். டயர்களுக்குச் சரியான அளவு காற்றடித்து, பலகைமேல் ஏற்றி நிறுத்த வேண்டும்.

பதினேழும் முடிந்தது. அத்தை பட்டியலைக் காட்டி, "பதினெட்டு... எழுது" என்றார். அவர் எழுத்துக்குக் கீழே என் எழுத்தில் எழுதினேன்: "கீழ்ப் பெட்டி விளக்கு பார். நெகட்டிவ் கம்பி கழற்று. மீட்டரில் சுழி பார்."

நமக்கு இதில் என்ன?

நம் ஊரில் பனி இல்லை. ஆனால் நிற்கும் வண்டியின் கதை நமக்கும் தெரிந்ததே. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எத்தனை கார்கள் வீட்டு வாசலிலேயே நின்றன! சில வாரம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது "டிக்... டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்ட வீடுகளில் என் வீடும் ஒன்று.

குளிர் பேட்டரியின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும், வெப்பமோ பேட்டரியையே மெல்லத் தின்னும். வெப்பத்தில் உள்ளே அரிப்பு வேகமாகும், தானாக மின்சாரம் இழப்பதும் கூடும். அதனால் ஒரு மாதம் இந்தியாவுக்கு யாத்திரை போகிறீர்கள் என்றால் இவற்றைச் செய்துவிட்டுப் போங்கள்.

டேஷ்கேமராவின் இணைப்பைக் கழற்றுங்கள். நின்ற வண்டியிலும் அது மின்சாரம் குடிக்கக்கூடும். புறப்படும் முன் அரை மணி நேரமாவது காரை ஓட்டி பேட்டரிக்கு ஊட்டம் கொடுங்கள். பழைய பேட்டரி என்றால் பட்டறையில் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். கம்பியைக் கழற்றுவதாக இருந்தால், உங்கள் கார் மாடலில் வானொலிக் குறியீடு, எச்சரிக்கை ஒலி போன்றவற்றில் சிக்கல் வருமா என்று கையேட்டைப் பாருங்கள். வீட்டில் யாராவது இருந்தால், வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் உறும விடுவதைவிட அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். டயருக்குக் காற்றடித்துவிட்டுப் போங்கள்.

நியூசிலாந்தில் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கும் இளம் குடும்பங்கள் இப்போது நம்மிடையே நிறைய. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே குளிர்காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். தண்ணீரை எங்கே வடிப்பது, வீட்டு பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது, இரவில் எதை அணைக்க வேண்டும் என்ற மூன்றையும் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஏப்ரல் மாதச் செய்தி

கடந்த ஏப்ரல் மாதம், காலை நிகழ்ச்சி முடிந்து ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வெளியே வந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. பேச்சு எதுவும் இல்லை. முதலில் ஒரு கிளிக். பிறகு இயந்திரம் ஒருமுறை முனகி, இரண்டாவது முறை இருமி, மூன்றாவதில் கடகடவென்று பிடித்துக்கொண்டது. டீசல் இயந்திரத்தின் சத்தத்தை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை. இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

கடைசியில் அத்தையின் குரல். மெதுவாக, ஆனால் தெளிவாக. "ஓடுது பாப்பா. குழாய் ஒன்னும் ஒடையல."

வண்டியை விற்கும் பேச்சு அதோடு நின்றது. ஜூன் மாதம் இருவரும் லேக் லூயிசிலிருந்து ஜாஸ்பர்வரை மலைகளுக்கு நடுவே போகும் 230 கிலோமீட்டர் சாலையில் போய் வந்தார்கள். ஒரு பனியாற்றின் முன்னால் இருவரும் நாற்காலி போட்டுத் தேநீர் குடிக்கும் படம் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அத்தை கோப்பையை வலக்கையில் பிடித்திருக்கிறார்.

படத்தின் கீழே அவர் தன் விரலாலேயே தட்டி அனுப்பிய ஒரு வரி: "அக்டோபர்ல வா. கோடு போட ஆள் வேணும்."

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை சுவெட்டர் மூன்று.